மூன்று நிமிடத் தட்டும் மூன்று மணி நேரக் கச்சேரியும்

மார்கழி நெருங்கினால் சென்னையில் சிலருக்குத் தூக்கம் பிடிக்காது.

வீட்டில் கல்யாணம் இல்லை. கோர்ட்டில் வழக்கு இல்லை. கடன்காரன் தொல்லையும் இல்லை. பிறகு என்ன கவலை? "25-ந் தேதி சாயங்காலம் எந்தச் சபாவில் போய் உட்காருவது?" என்பதுதான் கவலை!

கச்சேரிப் பட்டியல் பத்திரிகையில் வந்ததும் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். சிவப்புப் பென்சிலால் சில பெயர்களின் கீழ் கோடு போடுவார்கள். ஒரு பாடகர் மயிலாப்பூரில் பாடுகிறார். இன்னொரு பாடகி தியாகராய நகரில் பாடுகிறார். இரண்டும் ஒரே நேரம்! எதை விடுவது? எதைப் பிடிப்பது?

இப்பொழுது பட்டியல் செல்போனிலேயே வந்துவிடுகிறது. ஆனால் கவலை மட்டும் மாறவில்லை.

இவர்களுக்குத்தான் "ரசிகர்" என்று பெயர். பாடத் தெரியாது. வீணை வாசிக்கத் தெரியாது. கேட்க மட்டும் தெரியும். இப்படிக் கேட்கத் தெரிந்தவர்களால்தான் சங்கீதம் இத்தனை காலம் வாழ்ந்து வருகிறது.

ரசிகரிடம் இரண்டு செல்வங்கள் உண்டு. ஒன்று, அலமாரியில் இருக்கும் இசைத்தட்டு. மற்றொன்று, வரப்போகும் கச்சேரி. ஒன்று பழையது. மற்றொன்று இனிமேல்தான் பிறக்க வேண்டும். இந்த இரண்டின் கதையும் சுவையானது.

பூச்சி தந்த இசை

குரலைப் பிடித்து வைக்க முடியும் என்று முதன்முதலில் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி எடிசன். அது 1877-ம் ஆண்டு. உருளையில் சுற்றிய ஈயத்தகட்டில் அவர் தம் குரலைப் பதித்தார். பத்து ஆண்டுகள் கழித்து எமில் பெர்லினர் என்பவர் தட்டையான வட்டத் தட்டைக் கொண்டுவந்தார். அதுவே கிராமபோன் தட்டு. நம் ஊர் மக்கள் அதை "பிளேட்டு" என்றார்கள்.

பிளேட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கினால் ஆனது. பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் சிறு பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு அரக்கைச் சுரக்கின்றன. அதை உருக்கி, கல்தூளும் கரியும் கலந்து அச்சில் அழுத்தினால் கறுப்புத் தட்டு தயார். உலகத்துக்கு அரக்கைப் பெருமளவில் அனுப்பிய நாடு இந்தியாதான். ஆக, அமெரிக்காவில் சுழன்ற தட்டிலும் இந்தியப் பூச்சியின் உழைப்பு இருந்தது!

தட்டு ஒரு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும். ஊசியை மாற்ற வேண்டும். பிறகு முள்ளைத் தட்டின் ஓரத்தில் மெல்ல வைக்க வேண்டும். முதலில் "கர்ர்" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி பாட்டு பிறக்கும். பெட்டிக்குள் ஆள் இருக்கிறானா என்று குனிந்து பார்த்த குழந்தைகள் எத்தனையோ!

"என் பெயர் கௌஹர் ஜான்"

இந்தியப் பாட்டு தட்டில் ஏறியது 1902-ம் ஆண்டில். கல்கத்தா ஓட்டல் அறை ஒன்றில் கௌஹர் ஜான் என்ற பாடகி பாடினார். இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் ஒலிப்பதிவு நிபுணர் பிரெட் கெய்ஸ்பர்க் அதைப் பதிவு செய்தார்.

பாட்டு முடிந்ததும் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். ஏன் அப்படி? பதிவான பாட்டு கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும். அங்கேதான் தட்டு அச்சாகும். அங்குள்ள தொழிலாளிக்கு இந்தியப் பாட்டு புரியாது. யார் பாடியது என்று தெரிந்தால்தானே சீட்டு ஒட்ட முடியும்? அதற்காகத்தான் அந்த அறிவிப்பு!

அப்பொழுது மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்றின் முன்னால் நின்று உரக்கப் பாட வேண்டும். மெல்லிய குரல் எடுபடாது. மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை 1925-ல்தான் வந்தது.

தட்டில் பாடப் பல வித்துவான்கள் தயங்கினார்கள். குரல் போய்விடும் என்று அஞ்சியவர்களும் உண்டு. துணிந்து முன்வந்தவர்களில் பலர் பெண்கள். ஆண்களுக்குச் சமமாக மேடையில் இடம் கிடைக்காத அந்தக் காலத்தில் தட்டு அவர்களுக்கு இடம் கொடுத்தது.

பாரிசில் ஒரு ரசிகர்

அப்படித் துணிந்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் தாயி. 1917-ல் காலமானார். அதற்குள் ஏராளமான தட்டுகளில் பாடிவிட்டார்.

மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912-ல் இந்தியாவுக்கு வந்தார். தாயியின் பாட்டைக் கேட்டு மயங்கினார். பாரிசுக்குத் திரும்பிய பிறகும் அந்த இசை அவர் காதை விட்டுப் போகவில்லை. தாயியின் தட்டைப் பின்பற்றியே "ராகமாலிகா" என்று ஒரு பாட்டை அமைத்தார். நம் ஊர் ஒலி பியானோவில் வரவில்லை. அதற்காகப் பியானோவின் தந்தி ஒன்றில் அட்டையைச் செருகி, மங்கிய ஓசையை வரவழைத்தார்.

கோவைப் பெயர் தாங்கிய ஒரு பெண்ணின் குரல் கறுப்புத் தட்டில் ஏறிக் கடல் தாண்டி, வெள்ளைக்கார இசைக்காரர் ஒருவரைப் பியானோவில் அட்டை செருக வைத்தது! தட்டின் சக்திக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ராகத்துக்கு வந்த சோதனை

தட்டில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. ஒரு பக்கம் ஓடுவது சுமார் மூன்று நிமிடம். அதற்குள் ராகம் பாட வேண்டும். பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் வர வேண்டும். மிருதங்கமும் பிடிலும் கேட்க வேண்டும்.

கச்சேரியில் தோடி ராகத்தை ஒரு மணி நேரம் பாடுகிறவர் மூன்று நிமிடத்தில் என்ன செய்வார்? கடலைச் செம்புக்குள் அடக்குகிற வேலை அல்லவா அது!

ஆனால் வித்துவான்கள் அதிலும் வித்தை காட்டினார்கள். தேவையில்லாத ஒரு சங்கதி கூட இல்லாமல் பாடக் கற்றார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடித் தட்டை இன்றும் ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். விடிய விடியக் கோயில் வீதிகளில் வாசித்தவர் அவர். 1956-ல் மறைந்தார். அந்தச் சிறிய தட்டைக் கேட்டாலே அவருடைய கம்பீரம் தெரிந்துவிடும்.

சபாவுக்குப் போக எல்லோராலும் முடியுமா? டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும். பட்டணத்தில் வீடு வேண்டும். சிலருக்கு உள்ளே நுழையவே கூச்சம். ஆனால் தட்டுக்கு அந்தப் பேதம் கிடையாது. காப்பி ஓட்டலில் பாடியது. கல்யாணப் பந்தலில் பாடியது. திருவிழாவில் ஒலிபெருக்கி மூலம் ஊருக்கே பாடியது. சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரலும், நாகூர் ஈ. எம். ஹனீபாவின் கணீர்க் குரலும் மதம் பார்க்காமல் எல்லா வீட்டுக் காதுகளிலும் நுழைந்தது இப்படித்தான். குரு கிடைக்காத எத்தனையோ பேர் ஏகலைவனைப் போல் தட்டின் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

27 வயதில் நின்ற குரல்

தட்டு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு ஒரு பெயர் போதும். எஸ். ஜி. கிட்டப்பா!

செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர். நாடக மேடையில் அவர் குரல் எழுந்தால் கொட்டகை அதிரும். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும். அவரும் கே. பி. சுந்தராம்பாளும் ஜோடியாக நடித்தால் ஊரே திரளும். இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

1933-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கிட்டப்பா காலமானார். வயது 27!

சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935-ல் வெளியான "நந்தனார்" படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்திலேயே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். நாடே வியந்தது.

கிட்டப்பாவின் நாடகத்தைப் படம் பிடித்தவர் இல்லை. அவருடைய குரல் தட்டில் மட்டுமே தங்கியது. இன்று ஒரு பேரன் அந்தப் பாட்டைக் கேட்டு, "தாத்தா சொன்னது நிஜம்தான்!" என்கிறான் என்றால், அதற்கு யாரோ ஒரு ரசிகர் அந்தத் தட்டை உடையாமல் காப்பாற்றியதே காரணம்.

உடையாமல் என்பது லேசான வேலை இல்லை. அரக்குத் தட்டு கை தவறினால் சுக்கு நூறு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. பழைய தட்டுகளைப் பொடி செய்து புதிய தட்டு செய்தார்கள். எத்தனை குரல்கள் அப்படிப் பொடியாயினவோ!

விடியற்காலைத் தட்டு

1948-ல் அமெரிக்காவில் நெடுநேரத் தட்டு வந்தது. "எல்.பி." என்பார்கள். அரக்குக்குப் பதில் பிளாஸ்டிக். சுழற்சி நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும்தான். ஒரு பக்கமே இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். ராகத்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

தென்னாட்டில் எல்.பி. என்றதும் நினைவுக்கு வருவது எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். வெளிவந்த ஆண்டு 1963. பத்து வயதிலேயே தட்டில் பாடத் தொடங்கியவர் எம். எஸ். அவருடைய சுப்ரபாதத் தட்டு கோயிலில் ஒலித்தது. டீக்கடையில் ஒலித்தது. கடிகாரம் இல்லாத வீடுகளில் அதுவே விடியலைச் சொன்னது. 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் எம். எஸ். பாடினார். அந்தக் கச்சேரியும் தட்டாக வந்து ரசிகர் அலமாரியில் இடம் பிடித்தது.

பிறகு காசெட் வந்தது. குறுந்தட்டு வந்தது. இப்பொழுது பாட்டு செல்போனுக்குள் புகுந்துவிட்டது. பழைய தட்டுப் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இணையம் வழியாக உலகுக்கே வழங்கும் ரசிகர்களும் இருக்கிறார்கள்.

விழா பிறந்த கதை

இனி ரசிகரின் இரண்டாவது செல்வத்துக்கு வருவோம்.

டிசம்பரில் சங்கீத விழா ஏன்? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதையொட்டி அகில இந்திய சங்கீத மாநாடும் நடந்தது. அந்த மாநாட்டின் முடிவுப்படி 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. கிறிஸ்துமஸ் சமயம் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் விடுமுறை. வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் கேட்க நேரம் கிடைக்கும். ஆகவே டிசம்பரே நிலைத்துவிட்டது.

ஆரம்பத்தில் பந்தல் போட்டுத்தான் கச்சேரி. அகாடமியின் சொந்த மண்டபத்துக்கு 1955-ல் நேரு அடிக்கல் நாட்டினார். மண்டபம் 1962-ல் திறக்கப்பட்டது. ஒரு சபா பல சபாக்கள் ஆயிற்று. 2017-ல் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசை நகரங்களின் பட்டியலில் சேர்த்தது.

கச்சேரி என்றால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வர்ணம். பிறகு சில கீர்த்தனைகள். நடுவில் பெரிய ராகம். அதையொட்டி மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம். கடைசியில் சின்னச் சின்னப் பாட்டுகள். மங்களம். கல்யாணச் சாப்பாட்டில் பருப்பு முதல் பாயசம் வரை வரிசை இருப்பதைப்போல! இந்த வரிசையை இன்றைய வடிவில் அமைத்துக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்.

சாப்பாடு என்றதும் சபா காண்டீனை மறக்கலாமா? அடை, அவியல், சூடான காப்பி. பாட்டுக்கு வந்து காண்டீனிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு!

போராடிப் பெற்ற இடம்

விழா என்றால் எல்லோருக்கும் உடனே இடம் கிடைத்துவிட்டதா? இல்லை.

தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் வரும் துக்கடாவாக இருந்தது. "எங்கள் மொழியில் பாடினால் என்ன?" என்று ரசிகர்கள் கேட்டார்கள். 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. ராஜாஜி, கல்கி, டி. கே. சிதம்பரநாத முதலியார் போன்றோர் துணை நின்றனர். இப்பொழுது தமிழ்ப் பாட்டுக்கென்றே ஆண்டுதோறும் விழா நடக்கிறது.

பெண்களின் கதையும் இப்படித்தான். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி பாழடைந்து கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பாட்டால் ஈட்டிய பொருளைக் கொண்டு 1920-களில் அங்கே கோயில் எழுப்பினார். ஆனால் அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை! நாகரத்தினம்மாள் சோர்ந்து உட்காரவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே பாட வைத்தார். பிற்பாடு கட்சிகள் ஒன்று கூடின. பெண்களும் பாடினார்கள். 1952-ல் மறைந்த அந்த அம்மையாரின் நினைவிடம் சுவாமிகளின் சந்நிதிக்கு எதிரிலேயே இருக்கிறது.

மியூசிக் அகாடமியின் "சங்கீத கலாநிதி" பட்டம் 1942 முதல் வழங்கப்படுகிறது. முதல் பெண் கலாநிதி எம். எஸ். சுப்புலட்சுமி. ஆண்டு 1968. இரண்டாண்டு கழித்து அந்தப் பெருமை டி. கே. பட்டம்மாளுக்குக் கிடைத்தது. ராகம் தானம் பல்லவி ஆண்களுக்கே உரியது என்றிருந்த காலத்தில் அதை மேடையில் பாடிக் காட்டியவர் அவர்.

காலி நாற்காலிகள்

இன்று வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது.

சாயங்காலக் கச்சேரி என்றால் பெயர் பெற்றவர் பாடுவார். டிக்கெட்டுக்கு வரிசை நிற்கும். ஆனால் பகல் 12 மணிக்கும் கச்சேரி உண்டு. பாடுவது இளம் பெண்ணாகவோ, கல்லூரி மாணவனாகவோ இருக்கும். பல சபாக்களில் அதற்கு டிக்கெட்டே கிடையாது. யாரும் போய்க் கேட்கலாம்.

ஆனால் மண்டபத்தில் என்ன காட்சி? வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. முன்வரிசையில் பாடகியின் தாயார், தகப்பனார், குரு. பின்னால் நாலைந்து பெரியவர்கள். விளக்கு எரிகிறது. மிருதங்கம் முழங்குகிறது. கைதட்ட ஆள் இல்லை!

பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்து மேடை ஏறிய பிள்ளைக்கு அந்தக் காலி நாற்காலிகள் என்ன சொல்லும்? பகல் மேடையில் நிலைத்தால்தான் பிற்பகல் மேடை. பிற்பகலில் பெயர் எடுத்தால்தான் சாயங்கால மேடை. நடுவிலேயே மனம் ஒடிந்து வேறு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பாட்டு எல்லாம் செல்போனிலேயே கிடைக்கும்போது சபாவுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கிறார்கள். 2020-ல் கொரோனா நோய் பரவியபோது கச்சேரிகள் இணையம் வழியாகத்தான் நடந்தன. வீட்டிலிருந்தே கேட்டார்கள். சௌகரியம்தான். ஆனால் பாடுகிறவருக்கு "பலே!" என்ற குரல் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பாடகர் அடுத்த சங்கதியைப் புதிதாகக் கற்பனை செய்கிறார். தட்டில் இருப்பது முடிந்துபோன பாட்டு. எத்தனை முறை போட்டாலும் அதேதான். மேடையில் பிறப்பது அன்றைய பாட்டு. அதை ரசிகரும் சேர்ந்தே படைக்கிறார்.

ரசிகர் செய்யக் கூடியவை

அலமாரியில் பழைய தட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அதில் வேறெங்கும் இல்லாத ஒரு குரல் இருக்கலாம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. புத்தகம் போல் நிறுத்தி வைக்க வேண்டும். ஓரத்தை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வெயில் படக் கூடாது. அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு கரைந்துவிடும். 78 சுற்றுத் தட்டுக்கு அதற்கு உரிய ஊசியையே பயன்படுத்த வேண்டும்.

மார்கழியில் சபாவுக்குப் போகிறவர்கள் ஒரு நாளாவது பகல் கச்சேரிக்குப் போகலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். ராகத்தின் பெயர் தெரிய வேண்டும் என்பதில்லை. மாம்பழத்தின் பெயர் தெரிந்துதான் ருசிக்க வேண்டுமா, என்ன? முதல் நாள் பத்து நிமிடம் உட்காரும் குழந்தை அடுத்த ஆண்டு அரை மணி உட்காரும்.

கிட்டப்பாவும் ஒரு நாள் பெயர் தெரியாத சிறுவனாக மேடை ஏறியவர்தான். அன்று அவரைக் கேட்க எதிரே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இந்த மார்கழியிலும் ஏதோ ஒரு மண்டபத்தில், பகல் 12 மணிக்கு, ஒரு புதிய குரல் சுருதி சேர்க்கப் போகிறது. சிவப்புப் பென்சிலால் அந்தப் பெயரின் கீழும் ஒரு கோடு போட்டு வையுங்கள்!